அப்டேட்டுக்குப் பிறகு கேம் தானாக மூடிக்கொள்கிறது, உதவுங்கள்

மக்களே, மொபைலில் ஒரு ஆன்லைன் ஷூட்டர் ஆடுகிறேன். போன வாரம் வந்த அப்டேட்டைப் போட்டதிலிருந்து பாடாய்ப் படுத்துகிறது. லாபியில், அதாவது மேட்சுக்கு முன் காத்திருக்கும் திரையில், ஒன்றும் ஆகாது. மேட்சில் இறங்கி, துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திறந்தால் போதும், திரை உறைந்துவிடும். சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் கேமே மூடிக்கொள்ளும். திரும்ப உள்ளே போவதற்குள் ஆள் காலி, ரேங்க் புள்ளியும் போச்சு.

கேச் அழித்தாயிற்று, கிராஃபிக்ஸைக் குறைத்தாயிற்று. ஆண்ட்ராய்டு 12, 4 ஜிபி ரேம். பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால் சர்வர் அதை ஏற்பதில்லை. கேமுக்குள் ஸ்கின் (அலங்காரத் தோற்றம்) விற்கும் கடை மட்டும் ஒரு சிக்கலும் இல்லாமல் திறக்கிறது, அதை நன்றாகச் சோதித்திருப்பார்கள் போல! சைபர்பங்க் 2077 என்ற கேம் அரைவேக்காடாக வந்தபோது, 2020 டிசம்பரில் சோனி அதைத் தன் பிளேஸ்டேஷன் ஆன்லைன் கடையிலிருந்தே தூக்கி, காசையும் திருப்பித் தந்தது. இலவச கேமுக்கு அந்த வழியும் இல்லை.

முழுதாக அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகுமா? பதிவு செய்யாத கெஸ்ட் கணக்கில் ஆடுகிறேன், அதுவும் சேர்ந்து போய்விடுமோ என்று பயம். 4 ஜிபி போனில் யாருக்காவது ஒழுங்காக ஓடுகிறதா? என்ன செட்டிங் வைத்திருக்கிறீர்கள்? புகாரோடு அனுப்ப கிராஷ் லாக் (கேம் மூடிக்கொண்டபோது என்ன ஆனது என்ற பதிவு) எங்கிருந்து எடுப்பது என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.