அதிபரிடம் பணத்தைத் திரும்ப வாங்கத் தனிச்சட்டம் வேண்டுமா? என்காண்ட்லா கணக்கு

கணக்குப்பிள்ளை:
தென்னாப்பிரிக்க அதிபராக இருந்த ஜேக்கப் ஜூமாவின் என்காண்ட்லா வீட்டுக்குப் 'பாதுகாப்பு ஏற்பாடு' என்று சொல்லி ஒதுக்கிய அரசுப் பணம் 24.6 கோடி ராண்ட் (அந்நாட்டு நாணயம்). அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பதவியான மக்கள் பாதுகாவலராக இருந்த துலி மடோன்செலா 2014 மார்ச்சில் போட்ட கணக்கு இது. அதில் 21.5 கோடி அப்போதே செலவாகியிருந்தது. 2016 செப்டம்பரில் ஜூமா கட்டியது 78,14,155 ராண்ட். நூற்றுக்கு மூன்று! அதற்கே அரசியல் சாசன நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பதவியில் இருப்பவருக்கு முறைகேடாகப் போன பணத்தை வசூலிக்கத் தனிச்சட்டம் இல்லாததுதான் காரணம் என்கிறேன்.

பிரிவு172:
நூற்றுக்கு மூன்று என்பது தலைப்புச் செய்திக்கு ஆகும், கணக்குக்கு ஆகாது. முழுத் தொகையையும் ஜூமா கட்ட வேண்டும் என்று மடோன்செலா சொல்லவே இல்லை. பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைகளில் நியாயமான ஒரு பங்கைத்தான் கேட்டார். 31.3.2016 தீர்ப்பு அவற்றைப் பெயர் சொல்லியே அடுக்கியது: பார்வையாளர் கூடம், திறந்தவெளி அரங்கம், மாட்டுப்பட்டி, கோழிக்கொட்டகை, நீச்சல் குளம். நிதித்துறை 60 நாளில் கணக்கு கொடுக்க வேண்டும், நீதிமன்றம் அதை ஏற்ற 45 நாளில் ஜூமா கட்ட வேண்டும். நிதித்துறை இந்த ஐந்தின் மதிப்பில் 87.94 சதவீதத்தை அவர் தலையில் வைத்தது. மிச்சக் கோடிகள் கட்டட வடிவமைப்பாளரையும் ஒப்பந்தக்காரர்களையும் சேர்ந்த விவகாரம். வடிவமைப்பாளர் மேல் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு 2014லேயே 15.5 கோடி கேட்டு வழக்குப் போட்டது. உங்கள் தனிச்சட்டம் அதிபரை மட்டும் குறிவைத்தால் பெரிய தொகை தப்பித்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
தொகையை விடுங்கள் சார், தாமதத்தைப் பாருங்கள். 2014ல் அறிக்கை. 2015 மே மாதம் போலீஸ் அமைச்சர், அதாவது ஜூமா நியமித்த அமைச்சர், 'அதிபர் எதுவும் கட்ட வேண்டியதில்லை' என்று பதில் அறிக்கை கொடுக்கிறார். நீச்சல் குளம் அவர் வாயில் 'தீயணைப்புக் குளம்' ஆகிவிட்டது. குளத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து வீடியோவே போட்டுக் காட்டினார்கள். நாடாளுமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்மானம் செல்லாது என்று பிறகு நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. கடனாளியின் கீழ் வேலை பார்ப்பவரே கடன் உண்டா இல்லையா என்று முடிவு செய்தால் வேறென்ன நடக்கும்?

1999 பொது நிதி மேலாண்மைச் சட்டப்படி வசூல் துறைத்தலைமை அதிகாரியின், அதாவது துறையின் கணக்கு அதிகாரியின் பொறுப்பு. அவர் அமைச்சருக்குக் கீழே. 2018ல் தணிக்கைச் சட்டத்தைத் திருத்தி, தலைமைத் தணிக்கையாளர் கடன் சான்றிதழ், அதாவது 'இந்த நட்டத்தை நீ கட்டு' என்ற ஆணை, கொடுக்கலாம் என்றார்கள். நல்ல ஆயுதம். ஆனால் அது பாய்வது கணக்கு அதிகாரி மேல்; அமைச்சர் மேலோ அதிபர் மேலோ இல்லை. இந்த ஓட்டையைத்தான் அடைக்கச் சொல்கிறேன்.

பிரிவு172:
ஓட்டை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருக்கிற சட்டத்தாலேயே வேலை நடந்திருக்கிறது. ஜூமாவின் சொந்த ஊழல் வழக்குக்கு அரசு கொடுத்த வக்கீல் பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் வருஷத்து அரசு வழக்கறிஞர் சட்டத்தை வைத்தே 'கொடுத்தது தவறு, திருப்பிக் கட்டு' என்று தீர்ப்பு வந்தது. 2025 அக்டோபரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் ஏறத்தாழ 2.89 கோடி ராண்டும் வட்டியும் கட்டச் சொன்னது. 60 நாள் கெடு. தவறினால் சொத்து ஜப்தி, ஓய்வூதியத்திலும் கைவைக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
முதல் தீர்ப்பு 2018 டிசம்பர். மேல்முறையீட்டில் உறுதியானது 2021 ஏப்ரல். 'வசூல் பண்ணு' என்று இன்னொரு உத்தரவு 2025ல். ஏழு வருஷம்!

சரி, எதை ஜப்தி செய்வது? என்காண்ட்லா வீடு இருப்பது இங்கோன்யாமா அறக்கட்டளை நிலத்தில். அது ஜூலு மன்னரை அறங்காவலராகக் கொண்ட மரபு நிலம். மனை அவர் பெயரில் இல்லை. அந்த 78 லட்சத்தையே விபிஎஸ் வங்கியில் கடன் வாங்கித்தான் கட்டினார். நகராட்சிகள் விதியை மீறி டெபாசிட் போட்ட வங்கி அது, 2018ல் மூழ்கியது. பொதுப் பணத்தை அடைக்க வந்த பணம் எங்கே சுற்றி வந்தது பாருங்கள்.

கையில் சிக்கக்கூடியது ஓய்வூதியம் ஒன்றுதான். அரசியல் சாசனம் 89(2)படி கடும் குற்றத்துக்காக நாடாளுமன்றம் நீக்கிய அதிபருக்குப் பதவிச் சலுகை எதுவும் கிடையாது. 14.2.2018 அன்று ஜூமா தானாக ராஜினாமா செய்துவிட்டார். அந்தப் பிரிவு அவரைத் தொடவில்லை.

மலைச்சாரல்:
இடையில் ஒரு வார்த்தை. சட்டம் போட்டால் தீரும் என்பவர்கள் உத்தராகண்டைப் பார்க்கலாம். முன்னாள் முதல்வர்கள் அரசு பங்களாவில் இருந்த காலத்துக்குச் சந்தை வாடகை வசூலிக்கச் சொல்லி 2019 மே மாதம் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநில அரசு என்ன செய்தது? அந்த வாடகையைத் தள்ளுபடி செய்ய ஒரு சட்டம்! 2020 ஜூனில் அதை நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டம் எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

பிரிவு172:
மலைச்சாரல் சொல்வதுதான் என் கவலையும். தனிச்சட்டம் என்று ஆரம்பித்தால் அதற்குள் உச்சவரம்பு, தவணை, சமரசம் எல்லாம் நுழையும். இன்றைக்கு அரசியல் சாசனப் பிரிவு 172 நீதிபதிக்குக் கொடுக்கும் 'நீதியும் நியாயமுமான' எந்த நிவாரணமும் என்ற அகலமான அதிகாரம் அதில் சுருங்கிப்போகும். விசாரிக்காமல் ஓய்வூதியத்தில் பிடித்தால், அதே சாசனத்தின் பிரிவு 34 தரும் நீதிமன்றம் போகும் உரிமையைக் காட்டி ஒரே வாரத்தில் தடை வாங்குவார்கள். தீர்ப்பு வந்த பிறகு பிடித்தம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு ஒரு பத்தித் திருத்தம் போதும்.

கணக்குப்பிள்ளை:
ஒரு பத்தி போதாது, மூன்று வேண்டும். வழக்குப் போடும் அதிகாரம் அமைச்சரின் கையை விட்டு தலைமைத் தணிக்கையாளருக்கு. அவர் ஆறு மாதத்தில் போடாவிட்டால் எந்தக் குடிமகனும் போடலாம். மூன்றாவதாகக் காலவரம்பு: 1969 காலவரம்புச் சட்டப்படி சாதாரணக் கடனை வசூலிக்க மூன்று வருஷம்தான், அதிபர் பதவிக்காலமோ ஐந்து. பதவியில் இருக்கும் காலத்தை அந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

பிரிவு172:
காலவரம்பு விஷயத்தில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். ஆனால் அந்த 15.5 கோடிக்காரர்களையும் அதே மசோதாவில் சேர்க்கச் சம்மதமா?

கணக்குப்பிள்ளை:
சேர்க்கலாம். அவர்களுக்கு அரசு ஓய்வூதியம் கிடையாதே, எதில் பிடிப்பீர்கள்?