எங்கள் ஊர் கிளை நூலகத்தை ‘இணைக்க’ப் போகிறார்களாம்: எதைச் சொல்லித் தடுப்பது?

கேள்வி: பேரூராட்சி வாசகன்

எங்கள் பேரூராட்சியில் ஒரு வாடகைக் கட்டடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிளை நூலகம் இயங்கி வருகிறது. காலையில் கதவு திறந்ததும் ஒரே நாளிதழை நான்கு பெரியவர்கள் தாள் தாளாகப் பிரித்துப் பங்கு போட்டுக்கொள்வதும், படித்து முடித்தவர் தம் தாளை எதிரில் இருப்பவர் பக்கம் பேசாமல் தள்ளிவிடுவதும் நான் சிறுவயது முதல் பார்த்து வந்த காட்சி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நூலகர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. பக்கத்து ஊர் நூலகர் கூடுதல் பொறுப்பாக வாரத்தில் மூன்று நாள் வந்து திறக்கிறார், அதுவும் எந்த மூன்று நாள் என்பது உறுதியில்லை. அதனால் வருவோர் குறைந்தனர். இப்போது வாசகர் குறைந்துவிட்டதையே காரணமாகக் காட்டி, ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள நூலகத்துடன் இதை இணைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நாங்கள் எதை முன்வைத்துப் பேசுவது?

பதில்: ஓய்வுபெற்ற நூலகர்

முதலில் உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள் ஐயா. அதில் நூலக வரி என்று தனியே ஒரு தொகை இருக்கும். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் ஏற்படுத்திய வரி அது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தியதன் பயனாக, விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக நம் மாநிலத்தில்தான் இத்தகைய சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்பு இந்த வரியை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். ஆகவே இது யாரோ இரக்கப்பட்டு நடத்தும் அறச்சாலை அன்று, நீங்கள் காசு கொடுத்து நடத்தும் நிறுவனம். நூலகம் ஒன்றை மூடவோ இடம் மாற்றவோ ஆணைக்குழு மேலிடத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும் என்பதால், அந்த அனுமதி கேட்கப்பட்டுள்ளதா, உங்கள் பேரூராட்சி வசூலித்த வரியில் எவ்வளவு செலுத்தியது, எவ்வளவு நிலுவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்.

இன்னொன்று. வாசலில் நூல்கயிற்றில் கட்டிய பேனாவோடு கிடக்கும் வருகைப் பதிவேட்டில் நம்மவர்கள் பாதிப்பேர் கையெழுத்திடுவதில்லை. நாளிதழ் படிக்கத்தானே வந்தோம் என்று நேரே உள்ளே போய்விடுவார்கள். என் பணிக்காலம் முழுவதும் நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்தது இதைத்தான். மேலே போகிற அறிக்கையில் அந்தக் கையெழுத்துகள்தாம் வாசகர்கள்.

பதில்: கணக்குப் பார்ப்பவன்

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நாளிதழ் முதல் அகராதி வரை எல்லாம் கைப்பேசியில் கிடைக்கும்போது, பத்துப் பேருக்காக வாடகையும் மின்கட்டணமும் செலுத்துவது முறைதானா? ஆறு கிலோமீட்டர் ஒரு தொலைவா?

பதில்: தேர்வுக்குப் படிப்பவள்

இரு சக்கர வண்டி வைத்திருப்பவருக்குத் தொலைவு இல்லைதான். நகரப் பேருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் ஊரில், பள்ளி விட்டு வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எட்டாத இடம். எங்கள் வீடு ஒற்றை அறை. தொலைக்காட்சியும் அடுப்பும் தம்பியின் பாய் விரிப்பும் அதற்குள்தான். அரசுப் பணிக்கான தொகுதி நான்கு (குரூப் 4) தேர்வுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பாடநூல்களைப் புரட்ட எனக்கு நூலகத்தில் கிடைத்தது புத்தகத்தைவிட ஒரு மேசையும் மின்விசிறியும் அமைதியும்தான், இதைக் கைப்பேசியில் எப்படி இறக்கிக்கொள்வது? அதற்காக நூலகத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் கிளையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பொது அறிவு நூல்களில் பல, பழைய அமைச்சரவையையே இன்னும் பட்டியலிட்டுக்கொண்டிருக்கின்றன.

பதில்: கோட்டூர்புரத்துக்காரன்

சென்னையில் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தையே, அடுத்த ஆண்டு நவம்பரில் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அரசு அறிவித்தது. வழக்குத் தொடுத்தார்கள், சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இன்றும் அது நூலகமாகவே இருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு ஊரறிய வந்ததால்தான் எதிர்ப்பும் ஊரறிய எழுந்தது. உங்கள் ஊரில் நடப்பதற்கு அறிவிப்பே கிடையாது. ஆளை நிரப்பாமல் விட்டால் போதும், கதவு தானாக மூடிக்கொள்ளும். எனவே மூடாதே என்று கேட்பதோடு நிறுத்தாமல், நிரந்தர நூலகரை நியமிக்கக் கோருங்கள்.

மறுமொழி: பேரூராட்சி வாசகன்

ரசீதைத் தேடி எடுத்தேன். வீட்டு வரி 840 ரூபாய், அதற்குக் கீழே நூலக வரி 84 ரூபாய். இத்தனை ஆண்டுகளும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பணம் கட்டியிருக்கிறேன். தகவல் கேட்கும் மனுவை எழுதிவிட்டேன். நேற்று நூலகம் திறந்திருந்தது. நாளிதழ்ப் பெரியவர்கள் நால்வரையும் எழுப்பி அழைத்துப் போய்க் கையெழுத்திட வைத்தேன். ஒருவர் மட்டும் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். அவருக்குக் கட்டத்தை விரலால் காட்டினேன். பக்கத்தில் வரிசை எண் 5 என்று இருந்தது, அது நான்.