ஆண்டு 2: சொல்வதெழுதுதலும் கழித்தலும், வாரத்தை எப்படிப் பிரிப்பது?

செந்தூல் அம்மா:
வணக்கம். மகள் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 2 படிக்கிறாள். திங்கட்கிழமை 10 சொற்கள் கொடுத்து வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல் வைக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை எழுதியும் ல, ள, ழ மாறிவிடுகிறது. கணிதத்தில் 503 – 267க்கு விடை 364 என்கிறாள், பக்கம் முழுக்க அப்படித்தான். நாங்கள் வேலை முடிந்து வீடு சேர மணி 7 ஆகிவிடும். 40 நிமிடத்துக்கு மேல் அவளால் உட்கார முடியாது. என்ன செய்யலாம்?

தமிழாசிரியை, பிரிக்பீல்ட்ஸ்:
பத்துத் தடவை எழுதுவதை நிறுத்துங்கள், சகோதரி. இரண்டு மூன்று வரிக்குப் பிறகு பிள்ளை சொல்லை நினைப்பதில்லை, மேல் வரியைப் பார்த்து வரைகிறது. முதல் வரியில் தப்பினால் பத்து வரியிலும் அதே தப்புதான்.

திங்கட்கிழமை எழுதவே வேண்டாம், வாய்விட்டு வாசித்தால் போதும். வீட்டில் ‘வாளப்பளம்’ என்று கேட்ட காது ழகரத்தை எங்கிருந்து எடுக்கும்? அந்தப் பத்துச் சொற்களையாவது நீங்களும் திருத்தமாகச் சொல்லுங்கள். ல சொல்லும்போது நாக்கு மேல்பல்லின் அடியில் ஒட்டும். ள சொல்லும்போது வளைந்து மேலண்ணத்தில் ஒட்டும். ழ சொல்லும்போது வளையும், ஆனால் ஒட்டாது. கண்ணாடி முன் செய்ய வையுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை ஒரு சொல்லைப் பார்த்து, மூடி, எழுதி, திறந்து ஒப்பிடட்டும். புதனன்று தப்பிய சொற்களை மட்டும் சிறு வாக்கியத்தில் எழுதட்டும். வியாழனன்று பத்தையும் வரிசை மாற்றிக் கேளுங்கள். பட்டியல் வரிசையிலேயே கேட்டால் சொல்லுக்குப் பதில் வரிசைதான் மனப்பாடமாகும். எல்லாம் நாளுக்கு 15 நிமிடம்.

ண, ந, ன குழம்பினால்: த-வுக்கு முன் ந் (பந்து), ட-வுக்கு முன் ண் (வண்டி), ற-வுக்கு முன் ன் (கன்று). சொல்லின் முதலில் ந மட்டுமே வரும்.

கணக்கு அண்ணன், பினாங்கு:
364 எப்படி வந்தது என்று பாருங்கள். 3இல் 7 போகாததால் 7இல் 3ஐக் கழித்திருக்கிறாள், 4. அடுத்து 6இல் 0, 6. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் கழித்தல் என்று பிடித்துக்கொண்டாள். இதே கணக்கை இன்னும் இருபது கொடுத்தால் அந்தப் பிடி இறுகும், அவ்வளவுதான்.

விளையாட்டுப் பணம் வெட்டிக்கொள்ளுங்கள்: 100 ரிங்கிட் ஐந்து, 1 ரிங்கிட் மூன்று. 267 கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். ஒரு நூறை உடைத்தால் பத்துப் பத்து ரிங்கிட். அதில் ஒன்றை உடைத்தால் பத்து ஒரு ரிங்கிட். இப்போது கையில் 4 நூறு, 9 பத்து, 13 ஒன்று. கொடுத்தபின் மிஞ்சுவது 236. நடுவில் சுழியம் இருந்தால் இரண்டு தடவை உடைக்க வேண்டும், அங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். நாளுக்கு மூன்று கணக்கு போதும். முடித்ததும் 236 + 267 கூட்டி 503 வருகிறதா என்று அவளே சரிபார்க்கட்டும்.

செந்தூல் அம்மா:
நன்றி டீச்சர், நன்றி அண்ணா. வீட்டுப்பாடத்தைப் பள்ளிக்கு அனுப்புமுன் தப்பை நான் அழித்துத் திருத்தலாமா?

தமிழாசிரியை, பிரிக்பீல்ட்ஸ்:
வேண்டாம். மலேசியாவில் ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை ஆசிரியர்தான் பதிகிறார். நீங்கள் திருத்திய பக்கத்தில் அவருக்குப் பிள்ளையின் நிலை தெரியாது. தப்பை அப்படியே விட்டு, ஓரத்தில் பென்சிலால் ‘பத்து உடைப்பதில் தடுமாற்றம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.