வாலன்டியரா போன எடத்துல நடந்த ஒன்னு, இன்னும் மனச விட்டுப் போகல. உங்களுக்கும் இருந்தா சொல்லுங்க

செந்தூல்காரன்:
மலேசியாவுல 2021 பெண்டேரா பூத்தே சமயம், அதான் சாப்பாட்டுக்கு வழியில்லாதவங்க உதவி கேட்டு வெள்ளக்கொடி கட்டுனது. ஜூன் 1 லாக்டவுன் போட்டு, மாசக் கடைசியில ஜன்னல் ஜன்னலா வெள்ளத்துணி தொங்குச்சே, அப்போ. எங்க வாட்சப் குரூப்ல ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம், ஃபேஸ்புக்ல பார்த்துட்டு முகம் தெரியாதவங்களும் காசு அனுப்புனாங்க, அரிசி எண்ணெய் சார்டின் மைலோன்னு வாங்கிக்கிட்டு பிளாட் பிளாட்டா ஏறுனோம். 13-வது மாடி ஒரு வீடு, லிஃப்ட் வேல செய்யல, படியிலதான். அக்கா கதவத் தொறந்தாங்க, சாமான வச்சேன், "காசு போட்டவங்க போட்டோ கேக்குறாங்கக்கா, ஒன்னே ஒன்னு"ன்னேன். அவங்க ஒன்னும் சொல்லல. உள்ள திரும்பி "டேய், அண்ணே படம் புடிக்கணுமாம்"ன்னு கூப்பிட்டாங்க. பையனுக்கு எட்டு வயசு இருக்கும், எட்டிப் பார்த்துட்டு உள்ள ஓடிட்டான். வெக்கம்போலன்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல ஸ்கூல் சட்ட மாட்டிக்கிட்டு, தண்ணி தொட்டு தலை சீவிக்கிட்டு வந்து நிக்கிறான். சட்ட பத்தல, கீழ் பட்டன் மாட்டல. அரிசிப் பைய ரெண்டு கையால நெஞ்சோட தூக்கிப் புடிச்சு, பரிசு வாங்குற மாதிரி சிரிச்சான்.

நானும் கிளிக் பண்ணேன். அதான். உங்களுக்கு இந்த மாதிரி ஏதாச்சும் இருந்தா எழுதுங்க.

மங்களம்_ஜெலுத்தோங்:
படிச்சிட்டு ஒரு மாதிரி ஆயிருச்சு தம்பி. எனக்கு 2017 நவம்பர் 4 ராத்திரி, பினாங்கு வெள்ளம். முதலமைச்சர் விடியகாலையில ராணுவத்த கூப்பிட்ட ராத்திரி, ஊர்க்காரங்களுக்கு மறக்காது. எங்க மேட்டுல தண்ணி ஏறல, ஆனா ஃபோன் விடாம அடிக்குது. ஒரே மெசேஜ் அஞ்சு குரூப்ல, "வீல்சேர்ல வயசான அம்மா, தண்ணி கட்டில் வரைக்கும் வந்துருச்சு, அவசரம்"ன்னு அட்ரஸோட. எங்க வீட்டுக்காரரும் தம்பியும் லாரி டியூப் ரெண்ட கயிறுல கட்டிக்கிட்டு கெளம்பிட்டாங்க, இடுப்பளவு தண்ணியில ரெண்டு மணி நேரம். போய்ப் பார்த்தா கீழ் வீட்டுல யாரும் இல்ல, பக்கத்து வீட்டு மாடியில ஒரு சீன அங்கிள் பால்கனியில ஒக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காரு. "அந்த அம்மாவ நேத்து பதினோரு மணிக்கே கூட்டிட்டுப் போயாச்சு, நீங்க நாலாவது"ன்னு மலாய்ல சொல்லிட்டு இவங்களுக்கும் ரெண்டு கப்பு காப்பிய கூடையில வச்சு எறக்கினாராம். வீட்டுக்காரரு இப்பவும் சிரிச்சிக்கிட்டேதான் சொல்றாரு. எனக்கு சிரிப்பு வரல. அந்த மெசேஜ நான்தான் மூணு குரூப்புக்கு தள்ளிவிட்டேன், எத்தன மணிக்கு எழுதுனதுன்னு பார்க்கவே இல்ல. அதே நேரத்துல வேற வீட்டுல யாராச்சும் காத்துக்கிட்டு இருந்திருப்பாங்களோ.

கணக்குப்புள்ள:
செந்தூல் தம்பி ரொம்ப ஃபீல் பண்ணாதீங்க. போட்டோ கண்டிப்பா வேணும். நானும் அதே வருஷம் ஒருத்தர நம்பி 50 வெள்ளி (ரிங்கிட்) போட்டேன், தனிப்பட்ட பேங்க் அக்கவுண்ட், கேட்டா "குடுத்தாச்சு பிரதர்"ன்னாரு, அப்புறம் குரூப்பையே காணோம். அவ்வளவுதான் என் கத.

ஆனா இனிமே செய்றவங்களுக்கு சொல்றேன், கேளுங்க. ஒன்னு, காசு வாங்குற அக்கவுண்ட் ஒருத்தர் பேர்ல இருக்கக் கூடாது, ரெண்டு பேரு கையெழுத்து வேணும். அதுக்கு சங்கமா பதியணும், 7 பேர் இருந்தா ஆர்.ஓ.எஸ்-ல, அதான் சங்கப் பதிவகத்துல, பதியலாம், 1966 சங்கச் சட்டம். பதியுறது தலைவலின்னு எல்லாரும் சொல்வாங்க, தலைவலிதான், ஆனா அப்புறம் எவனும் கேள்வி கேக்க மாட்டான். அடுத்தது, வீடு வீடாவோ ரோட்டுலயோ டின் குலுக்கி வசூல் பண்ணா போலிஸ் பெர்மிட் வேணும், அதுக்கு 1947-லேர்ந்தே சட்டம் இருக்கு, நம்மாளுங்க பாதிப் பேருக்கு அது தெரியாது. கடை ரசீது அன்னைக்கு ராத்திரியே குரூப்ல போடுங்க, மறுநாள் இல்ல, அன்னைக்கே. மிச்சக் காசு எவ்வளவுன்னு கடைசி வெள்ளி வரைக்கும் எழுதுங்க. வாங்குனவங்க பேரு வேண்டாம், பிளாக் நம்பர், மாடி போதும். நம்ம கோவில் கமிட்டிங்க கணக்கு காட்டுற லட்சணத்தப் பார்த்துப் பார்த்து சனத்துக்கு எல்லார் மேலயும் சந்தேகம், அதுக்கு நாம பதில் சொல்லித்தான் ஆகணும்.

மங்களம்_ஜெலுத்தோங்:
ரசீது போடுங்க சரி. அதுக்கு எதுக்குப் புள்ளையோட மூஞ்சி? நீங்களே பேரு வேண்டாம்ங்கிறீங்க, போட்டோ வேணும்ங்கிறீங்க. ஒன்னு சொல்லுங்கண்ணே.

கணக்குப்புள்ள:
மூஞ்சின்னு நான் சொல்லல. சாமான வச்சு எடுக்கலாம்.

மங்களம்_ஜெலுத்தோங்:
இப்ப சொல்றீங்க.

தே_ஓ_கோசோங்:
சண்டைய நிறுத்துங்க, நான் ஒன்னு சொல்றேன். 2018 மே 9, புதன்கிழம தேர்தல். வெளிநாட்டுல இருந்தவங்களுக்கு தபால் ஓட்டு பேப்பர் கடைசி நேரத்துலதான் கைக்கு கெடச்சது, தபால்ல போட்டா வந்து சேராது. அதனால ஊருக்கு பிளேன் ஏறுறவங்க கையில கவர குடுத்துவிட்டாங்க, எல்லாம் டுவிட்டர்லயும் ஃபேஸ்புக்லயும் அறிமுகமானவங்க, ஒருத்தர ஒருத்தர் பார்த்ததே கெடையாது. நான் கே.எல்.ஐ.ஏ ஏர்போர்ட்ல ஒரு பொண்ணுகிட்ட 11 கவர் வாங்குனேன், மெல்பர்ன்லேர்ந்து வந்திருந்துச்சு, தூக்கக் கலக்கத்துல என் ஐசிய (அடையாள அட்டைய) ஃபோட்டோ எடுத்துக்கிச்சு, நல்ல வெவரம். எல்லாமே பினாங்குல ஒரே தொகுதி. சாயங்காலம் 5 மணிக்குள்ள தேர்தல் அதிகாரி கையில சேர்க்கணும், வழியில தாப்பா ரெஸ்ட் ஏரியாவுல கூட நிக்காம ஓட்டுனேன்.

அதுல ஒரு கவரு ஒட்டுன எடம் பிஞ்சு போயிருந்துச்சு, அந்த ஆளு அது மேல பூனைப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி மூடியிருக்காரு. ஈப்போ தாண்டுற வரைக்கும் அதே யோசன, இது செல்லுமா செல்லாதா, நானே வேற டேப் ஒட்டலாமா, ஒட்டுனா நான் பிரிச்ச மாதிரி ஆயிடுமா. 4.35-க்கு கவுண்டர்ல குடுத்தேன். அதிகாரி ஸ்டிக்கர ஒரு பார்வ பார்த்தாரு, திருப்பிப் பார்த்தாரு, ஒன்னும் சொல்லாம மத்ததோட சேர்த்து வச்சிட்டாரு. எண்ணினாங்களா இல்லையா, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எங்க அண்ணன் மகன் அன்னைக்கு வீட்டுல படுத்துத் தூங்குறான், அவன் வாக்காளரா பதிஞ்சே இல்ல. இப்ப அந்தக் கத இல்ல, 2021 டிசம்பர் 15-லேர்ந்து 18 வயசானா தானாவே பேரு ஏறிடுது.

கணக்குப்புள்ள:
நல்ல காரியம்தான், இல்லைங்கல. ஆனா கவர் தூக்குறத சமூக சேவைன்னு சொல்ல முடியுமா? அது அரசியல்.

ரேலாவ்_அண்ணாச்சி:
ஏன் சொல்லக் கூடாது. எங்க பிளாட்டுக்கு முன்னாடி லோங்காங் (சாக்கடை) அடைச்சு ஏடிஸ் கொசு, ரெண்டு பேருக்கு டெங்கி. கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து சுத்தம் பண்ணலாம்னு குரூப்ல போட்டேன், 62 பேரு கட்டைவிரல் காட்டுனாங்க. ஞாயித்துக்கிழம காலையில நானும், சம்சாரமும், ஒரு பங்களாதேஷ் தம்பியும். அவன் குரூப்லயே இல்ல, நாங்க வாருறதப் பார்த்துட்டு கையில இருந்த ரொட்டிய சுவத்து மேல வச்சிட்டு எறங்கிட்டான். மேல ஜன்னல்லேர்ந்து ஒருத்தர் வீடியோ எடுக்குறாரு, மத்தியானம் அதே வீடியோ குரூப்ல வருது, "நம் குடியிருப்பாளர்களின் ஒற்றுமை"ன்னு தலைப்பு போட்டு!! அந்தத் தம்பி பேர கூட நான் கேக்கல. வேல முடிஞ்சதும் ரொட்டிய எடுத்துக்கிட்டு போயிட்டான்.

இதுல அரசியல் எங்கன்னா, லோங்காங்குக்கு பொறுப்பான கவுன்சிலர நாம தேர்ந்தெடுக்குறது இல்ல. நாட்டுலயே மொத தேர்தல் நடந்தது நம்ம ஜோர்ஜ் டவுன்லதான், 1951 டிசம்பர், நகராட்சிக்கு. 1965-ல நிறுத்துனாங்க, 1976 உள்ளாட்சிச் சட்டம் வந்து முழுசா மூடிட்டாங்க. இப்ப கவுன்சிலருங்கள மாநில அரசாங்கமே நியமிக்குது. அப்புறம் கொசுக்கு எவன்கிட்ட போய் ஓட்டு கேக்குறது, சொல்லுங்க. வாட்சப்ல கம்ப்ளேன் பண்ணா ப்ளூ டிக் வரும், லாரி வராது.

புதுசு_2023:
நான் சின்னப் பொண்ணு, பெரிய கத இல்ல. 2024 மார்ச், பாடு (PADU)-ங்கிற அரசாங்கப் பதிவுக்கு மாசக் கடைசி கெடு இருந்துச்சுல்ல, எங்க பிளாட் பாலாய் ராயாவுல (பொது மண்டபத்துல) ஒக்காந்து ஃபோன்ல வயசானவங்களுக்கு பதிஞ்சு குடுத்தோம். ஐசி ரெண்டு பக்கம், அப்புறம் முகத்தக் காட்டணும். ஒரு பாட்டிக்கு ஏழு தடவ காட்டியும் ஏத்துக்கல, ஐசி படத்துல கருப்பு முடி, இப்ப பஞ்சு மாதிரி, மூக்குத்தியும் இல்ல. அடமானம் போச்சாம். எட்டாவது தடவ ஃபோன பார்த்துக்கிட்டே "என்ன நம்ப மாட்டேங்குதா அது"ன்னாங்க. நான் இன்டர்நெட் சரியில்ல பாட்டின்னு பொய் சொன்னேன்.

@செந்தூல்காரன் அண்ணா, அந்த போட்டோவ போட்டீங்களா இல்லையா? அத சொல்லவே இல்லையே.

செந்தூல்காரன்:
போட்டேன் தங்கச்சி. மூஞ்சிய மறைச்சுத்தான் போட்டேன், அதெல்லாம் யோசிக்காம இல்ல. நல்லா ஷேர் ஆச்சு, காசும் வந்துச்சு, அந்த வாரம் இன்னும் ஒன்பது வீட்டுக்கு குடுத்தோம். நாலாவது நாள் அக்கா மெசேஜ் பண்ணாங்க, "தம்பி அந்தப் படத்த எடுத்துடுங்க, அவன் கிளாஸ் குரூப்ல வந்துருச்சு, ஆன்லைன் கிளாஸ்ல கேமராவ மூடிட்டு ஒக்காந்திருக்கான்"ன்னு.

ஸ்கூல் சட்டையில பேரு தச்சிருக்கும்ல. அத நான் கவனிக்கல. அரிசிப் பைக்கு மேல, தெளிவா இருந்துச்சு.