காலை லேபில் மயங்கி விழும் மாணவிகள்: என்ன செய்யலாம்?

வேதியியல் ஆசிரியை:
அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். போன புதன்கிழமை முதலாமாண்டு செய்முறை வகுப்பு. பியூரெட்டில் அளவு பார்த்துக்கொண்டிருந்த பெண், மேசையைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாள். உட்காரவைத்து, "என்னம்மா சாப்பிட்ட?" என்றேன். "டீ குடிச்சேன் மிஸ்." ஆறேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டரைக்குத்தான். அந்த நேரத்தில் வீட்டில் உலையே வைத்திருக்க மாட்டார்கள். இந்தப் பருவத்தில் இப்படி விழுந்த மூன்றாவது பெண் இவள்.

இன்னொன்றும் கவனித்தேன். காலையில் நிரப்பிய தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குப் போகிறது. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அவர்கள் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஆசிரியைகள் நாங்களும் மதியம்வரை தண்ணீர் குடிக்காமல்தான் பாடம் நடத்துகிறோம். எனக்கே இந்த வருடம் இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்தது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளியோடு நின்றுவிடுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் வரும் 1000 ரூபாய் வீட்டுச் செலவுக்கே சரியாகிவிடுகிறது என்கிறார்கள். உங்கள் கல்லூரியில் ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

கிராம சுகாதாரச் செவிலியர்:
மேடம், முதலில் ரத்தத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 8க்குக் கீழே என்றால் கடுமையானது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உங்கள் கல்லூரி முதல்வர் கையெழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து முகாம் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு மட்டும் வேண்டாம், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோடு சாப்பிடட்டும். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பயந்து மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

உடற்கல்வி இயக்குநர்:
எங்கள் கல்லூரியில் தாழ்ப்பாளுக்குப் பொதுப்பணித்துறையை எதிர்பார்த்து ஒரு வருடம் போனது. கடைசியில் நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளே ஒரு சனிக்கிழமை எட்டுக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டார்கள். ஆசிரியர்கள் பணம் போட்டு வாங்கினோம். தண்ணீர் மட்டும் முதல்வரைத் தினமும் நச்சரித்துத்தான் வந்தது. அப்புறம் விளையாட்டு அறையில் ஒரு டின் நிறையக் கடலை மிட்டாயும் பொரிகடலையும் வைத்திருக்கிறேன். யார் எடுக்கிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை.

பழைய மாணவி:
மேடம், நானும் அப்படி விழுந்தவள்தான். அன்று ஒரு ஆசிரியை எல்லார் முன்னாலும், "வீட்ல சோறு போட மாட்டாங்களா?" என்று கேட்டார். மறுநாள் நான் கல்லூரிக்கே போகவில்லை. அம்மா அஞ்சு மணிக்கே களையெடுக்கப் போய்விடுவார். அதை நாற்பது பேர் முன்னால் எப்படிச் சொல்வது? தயவுசெய்து தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். முகாம் நடத்தினாலும் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் ஒட்டாதீர்கள்.

வேதியியல் ஆசிரியை:
நன்றி தங்கச்சி. நான் அன்று லேபிலேயே, எல்லார் காதிலும் விழத்தான் கேட்டேன். நாளைக்கு அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுகிறேன். செவிலியர் மேடம், கடிதம் இன்றே எழுதிவிட்டேன். சார், அந்த டின் யோசனையை எடுத்துக்கொள்கிறேன், லேபுக்குள் தின்பண்டம் கூடாது என்பதால் வெளியே வராண்டாவில் வைக்கிறேன். எங்களுக்கு ஆறு தாழ்ப்பாள் வேண்டும்.