பகலில் எரியுது, இரவில் கண்ணடிக்குது: சென்சர் பல்பு போட்ட வீடுகளின் கதை

கல்லடியிலிருந்து (மட்டக்களப்பு):

அம்மா தனியாக இருக்கிற வீடு இது. கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. முழங்கால் வருத்தத்தோடு இருட்டில் இறங்கிக் கிணற்றடி சுவிட்சைப் போடப் போய் ஒரு நாள் வழுக்கப் பார்த்தார். அந்தப் பயத்தில்தான், பொழுது பட்டதும் தானாக எரிகிற பல்பு மூன்று வாங்கிப் போட்டேன். விறாந்தைக்கு ஒன்று, கேற்றடிக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று. ஒரு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு மூன்றும் மூன்று விதமாகக் குழப்பம் கொடுத்தன. திருத்தப் போனபோது பட்டதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் கிணற்றடி. இரவு எட்டு மணிக்கு அம்மா கோல் எடுத்தார்: "மனே, கிணத்தடி லைட் கண்ணடிச்சிட்டே இருக்கு, எனக்கு என்னமோ போல இருக்கு." அடுத்த நாள் பின்னேரமே போய் கிணற்றுக்கட்டில் இருந்து பார்த்தேன். எரியும், ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் அணையும். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப எரியும். பல்பு போய்விட்டது என்று கழற்றிக் கொண்டுபோய் விறாந்தை ஹோல்டரில் போட்டால் அசையாமல் எரிகிறது! திரும்பக் கிணற்றடிக்கு வந்ததும் அதே கண்ணடிப்பு.

பிறகுதான் பின்னால் இருந்த குளியலறைச் சுவர் கண்ணில் பட்டது. தீபாவளிக்கு முன் புதிதாக வெள்ளை அடித்திருந்தோம். பல்பின் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பிப் பல்பின் சென்சரிலேயே விழுகிறது. சென்சர் "விடிந்துவிட்டது" என்று அணைக்கிறது. அணைந்ததும் இருள், திரும்ப எரிகிறது, எரிந்ததும் சுவர் வெளுக்கிறது, திரும்ப அணைகிறது. கொடியில் கிடந்த கறுத்தச் சாரத்தை எடுத்துச் சுவரின் மேல் விரித்துப் பிடித்தேன். கண்ணடிப்பு நின்றுவிட்டது. சாரத்தை எடுத்தேன், தொடங்கியது. பத்துத் தரமாவது செய்து பார்த்திருப்பேன். ஹோல்டரை எதிர்த் தூணுக்கு மாற்றி, வளவின் திறந்த பக்கத்தைப் பார்க்க வைத்த நாளிலிருந்து ஒரு பிரச்சினையும் இல்லை.

விறாந்தைப் பல்பு மழை நாளில் பட்டப்பகலில் எரிந்தது. இது பழுதே இல்லை. நல்ல வெயிலில் வெளியே 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) அளவு வெளிச்சம் இருக்கும். மாரி மழை இருட்டிக்கொண்டு வரும்போது அதில் நூறில் ஒரு பங்கும் இராது. தாழ்வான ஓட்டுக்குக் கீழே, மூலையில், அதிலும் சிறு துண்டுதான் வந்து சேரும். பல்புக்கு அது பொழுது பட்ட நேரம்தான். கார்த்திகையில் இங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆடியில் ஆறு இருபதைத் தாண்டும். அதனால் மாரியில் பல்பு முந்தி எரிகிறதே என்று நினைக்க வேண்டியதில்லை. செலவுக்கும் பயப்படத் தேவையில்லை. 7 வாட் பல்பு ஒரு இரவில் 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு இரண்டரை யூனிட். இடையில் சில மழைப் பகல்கள் எரிந்தாலும் பில்லில் தெரியாது.

கேற்றடிப் பல்பு ஒரு நாளிலிருந்து எரியவே இல்லை. காரணம் எதிரே புதிதாகப் போட்ட தெருவிளக்கு. தெருவே வெளிச்சமாக இருக்கும்போது அது ஏன் எரியும்? அதைக் கழற்றி, கோடிப்பக்கத்தில் இருட்டாகக் கிடந்த இடத்தில் போட்டுவிட்டேன்.

மூன்று பல்பில் ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை. நான் கடைக்குக் கொண்டுபோய்ச் சண்டை பிடிக்கத்தான் இருந்தேன். உங்கள் வீடுகளில் என்ன நடந்தது?

காத்தான்குடியிலிருந்து:

எங்கள் வீட்டுக் கதை வேறு. பெட்டியில் "சென்சர்" என்று மட்டும் பார்த்து வாங்கி வந்துவிட்டேன். வாப்பா சுபஹுக்கு முன்பே எழும்பி வுழூச் செய்துவிட்டு விறாந்தைக் கதிரையில் இருந்து குர்ஆன் ஓதுவார். அவர் நடந்து வரும்போது லைட் பளிச்சென்று எரியும். இருந்து ஓதத் தொடங்கி அரை நிமிடத்தில் அணைந்துவிடும். கையை வீசினால் எரியும், திரும்ப அணையும். "மகன், ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள நாலு தரம் கை வீச வேண்டிக் கிடக்கு" என்றார். கேட்கவே மனது கஷ்டமாக இருந்தது.

அது வெளிச்சத்தைப் பார்க்கிற பல்பு இல்லை, அசைவைப் பார்க்கிற பல்பு. ஆள் அசையாமல் இருந்தால் அதற்கு ஆளே இல்லை. அதிலும் அலை அனுப்பி அசைவை அறிகிற ராடர் வகை, மெல்லிய பலகை மறைப்புக்கு அப்பால் நடக்கிற ஆளைக்கூடப் பிடிக்கும், ஃபேன் சுற்றினாலும் எரியும். படிக்கட்டுக்கும் ஸ்டோர் அறைக்கும் அது நல்லது. இரவு முழுக்க எரிய வேண்டிய இடத்துக்கு இருள் வந்தால் எரியும் வகைதான் வேண்டும். வாங்கும்போது பெட்டியில் இருக்கிற படத்தைப் பாருங்கள். சூரியனும் நிலவும் போட்டிருந்தால் வெளிச்சம் பார்ப்பது, ஆள் நடக்கிற படம் இருந்தால் அசைவு பார்ப்பது. இரண்டும் சேர்ந்ததும் உண்டு, அது இருட்டிய பிறகும் ஆள் வந்தால்தான் எரியும். கடையில் மாற்றித் தந்தார்கள். இப்போது வாப்பா நிம்மதியாக ஓதுகிறார்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

எங்கள் வீட்டில் பழைய பால்நிறக் கண்ணாடி உருண்டைக்குள் போட்டோம். இரவெல்லாம் மினுக்கியது. உருண்டையைக் கழற்றினதும் சரி. கல்லடித் தம்பி சொன்ன சுவர்க் கதைதான் இதுவும் என்று இப்போது விளங்குகிறது. மூடின உருண்டைக்குள் சூடும் தேங்கி எல்இடி சீக்கிரம் போகும் என்று கடைக்காரரும் சொன்னார்.

ஆரையம்பதியிலிருந்து:

இருபது வருடத்துக்கு மேல் வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். இந்தப் பல்புக்காக வாரத்துக்கு ஒரு அழைப்பாவது வரும். ஒரு விஷயத்தை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பகலில் சென்சர் பல்பு அணைந்து இருந்தால் கரண்ட் இல்லை என்று நினைக்காதீர்கள். சுவிட்ச் போட்டபடியே இருக்கும், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும், பல்பு மட்டும் பேசாமல் இருக்கிறது. போன மாரியில் ஒரு வீட்டில் அந்த வீட்டுத் தங்கச்சி, "லைட் அணைஞ்சுதானே கிடக்கு" என்று ஈரக் கையோடு துருப்பிடித்த ஹோல்டரில் பல்பைக் கழற்றப் போய் அடி வாங்கினார். கரண்ட் கசிந்தால் தானாக வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால் உயிர் தப்பினார். நான் போனபோது அந்தப் பிள்ளையின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. சுவர் சுவிட்சை அணைத்தாலும் போதாது. பழைய வீடுகள் சிலவற்றில் சுவிட்ச் லைனை (கரண்ட் வருகிற வயரை) வெட்டாமல் நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போகிற வயரை) வெட்டும்படி கட்டியிருப்பார்கள். அப்போது சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் லைன் நிற்கும். மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

சுவிட்ச் அணைத்த பிறகும் பல்பு மங்கலாக, சாம்பலுக்குள் நெருப்பு மாதிரி மின்னுகிறதா? ஒன்று இந்த நியூட்ரல் கோளாறு, இல்லாவிட்டால் சுவிட்சிலேயே சின்னச் சிவப்பு விளக்கு இருக்கும் வகை. அந்தச் சின்ன விளக்கின் வழியாக ஊறுகிற கொஞ்சக் கரண்டே எல்இடியை மினுக்கப் போதும். இரண்டாவதுக்குப் பயப்பட வேண்டாம், சாதாரணச் சுவிட்ச் மாற்றினால் முடிந்தது. முதலாவதை உடனே திருத்த வேண்டும்.

அப்புறம் கண்ணடிப்பு. அது சென்சர்க் குழப்பமா, வயரிங் பழுதா என்று அறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதே ஹோல்டரில் சாதாரண எல்இடி பல்பு ஒன்றைப் போடுங்கள். அதுவும் மினுக்கினால் சென்சரில் குற்றமில்லை, ஹோல்டரைத் திறந்து பார்க்க வேண்டும். கடற்கரை ஓர வீடுகளில் பத்தில் ஐந்து இதுதான் என்பது என் அனுபவம். பல்பை அழுத்தித் திருப்பி மாட்டுகிற 'பின்' (pin) ஹோல்டரின் ஸ்பிரிங்கை உப்புக் காற்று தின்றுவிடும். காதை வைத்துக் கேட்டால் 'சிர்' என்று சத்தம் வரும், பித்தளை முள் பச்சை பூத்திருக்கும், பக்கத்தில் பிளாஸ்டிக் கருகின மணம் அடிக்கும். அப்படிக் கண்டால் சுரண்டித் துடைத்துப் பாவிக்காதீர்கள், புது ஹோல்டர் போடுங்கள்.

சென்சர் உயிரோடு இருக்கிறதா என்று பகலிலேயே பார்க்கலாம். சுவிட்ச் போட்டபடி, பல்பில் இருக்கிற அந்தச் சின்னக் கண்ணை ஒரு கறுப்புத் துணியால் நன்றாக மூடுங்கள். விரலால் மூடினால் வெளிச்சம் ஊறும். சிலது உடனே எரியாது, ஒரு நிமிடமாவது பொறுங்கள். வாகன வெளிச்சம் பட்டதும் அணையக்கூடாது என்பதற்காகச் சில பல்பில் தாமதம் வைத்திருக்கிறார்கள். இதைத் தெரியாமல் இரண்டு செக்கனில் "போயிட்டு" என்று எறிந்தவர்கள் நிறையப் பேர். கண்ணில் சிலந்தி வலை, ஈசல் இறக்கை, தூசி படிந்தாலும் பகலில் எரியும். துடைத்தாலே போதும்.

பல்போடு சேராமல் தனியாக வாங்கிப் போடுகிற ஃபோட்டோ செல் (இருட்டினால் லைட்டைப் போடுகிற சென்சர்) பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வயர் வரும். பெரும்பாலானவற்றில் கறுப்பு லைன், சிவப்பு பல்புக்குப் போவது, வெள்ளை நியூட்ரல். நமது பழைய வீடுகளில் சிவப்புத்தான் லைன், கறுப்பு நியூட்ரல்! நிறத்துக்கு நிறம் சேர்த்தவர்கள் வீட்டில் செல் வேலை செய்யாது. உறையில் ஒட்டியிருக்கிற படத்தைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும், நிறத்தை நம்பக்கூடாது. கரண்ட் போய்த் திரும்ப வந்ததும் சில செல்கள் பகலிலும் கொஞ்ச நேரம் எரிந்துதான் அணையும். அது அதன் இயல்பு.

நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து:

வட்டையில் (வயல்வெளியில்) எங்கள் வாடிக்கு, அதாவது காவல் குடிசைக்கு, கரண்ட் இல்லை, சோலார் லைட்தான். யானை வருகிற பக்கம் என்பதால் அது எரியாத இரவு எங்களுக்கு நித்திரை இல்லாத இரவு. சிறுபோகச் சூடடிப்புக் (நெல் அடிக்கிற) காலத்தில் ஒன்பது மணிக்கே மங்கத் தொடங்கியது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்தோம். மேலே ஏறிப் பார்த்தால் பேனல் மேல் பதர்த் தூசி விரல் கனத்துக்குப் படிந்து கிடக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் விட்டதும் விடியும் வரை எரிந்தது.

இன்னொன்று. இந்த லைட்டில் பேனலேதான் இருளை அறிகிற கண். மூத்தப்பா வாடிக்குள் தொங்கவிட்ட பெரிய டோர்ச்சின் வெளிச்சம் பேனலில் விழுந்தபோது வெளி லைட் அணைந்துபோனது. டோர்ச்சை மறுபக்கம் திருப்பினதும் திரும்ப எரிந்தது.

கல்லடியிலிருந்து, திரும்ப:

ஆரையம்பதி அண்ணன் சொன்னதை வாசித்துவிட்டு அம்மாவுக்கு எடுத்து, பகலில் அந்தப் பல்புகளில் கை வைக்க வேண்டாம் என்று சொன்னேன். "நேற்றுத்தானே துணியால துடைச்சேன்" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கிணற்றடி ஹோல்டர் வாங்கி எட்டு வருடம் இருக்கும், தூணுக்கு மாற்றினபோதுகூட உள்ளே சரியாகப் பார்க்கவில்லை. சனிக்கிழமை மெயினை அணைத்துவிட்டு மூன்றையும் திறக்கப் போகிறேன். அண்ணன், பின் ஹோல்டருக்குப் பதிலாக மழை உள்ளே இறங்காத ஸ்க்ரூ ஹோல்டர் போட்டால் இந்த உப்புக் காற்றுக்குத் தாக்குப் பிடிக்குமா?

ஆரையம்பதியிலிருந்து:

பிடிக்கும் தம்பி. ரப்பர் வளையம் இருக்கிறதாகப் பார்த்து எடுங்கள், வயர் நுழைகிற துளை கீழ்ப்பக்கம் வரும்படி பொருத்துங்கள். நடுவில் இருக்கிற முள்ளுக்குத்தான் லைன் போக வேண்டும், சுற்று வளையத்துக்கு நியூட்ரல். மாறிக் கட்டினால் பல்பைச் சுழற்றும்போது கையில் படுவது லைன். அம்மாவின் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் சனிக்கிழமை மெயினை அணைக்கும் முன்பே அதன் டெஸ்ட் பட்டனையும் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் ஹோல்டர் வேலையை விட்டுவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.