பரேடும் பேரேடும்

குழு: பெரிய வீடு

சனிக்கிழமை

கார்த்தி, மாலை 7.10: [மூன்று படங்கள்]

கார்த்தி: எங்கே வந்திருக்கிறேன், சொல்லுங்கள் பார்ப்போம்.

அத்தை: படகு வீடா? தண்ணீரைப் பார்த்தாலே குளிருகிறது. குல்லா போட்டாயா இல்லையா?

மீனா: நடுவில் கால்வாய், இரண்டு பக்கமும் செங்கல் கட்டடம். பஞ்சாலைதானே?

சித்தப்பா: பழைய ஜெயில். பந்தயம் கட்டுகிறேன்.

கார்த்தி: இரண்டும் இல்லை. ஊர் பெயர் வீடன். நார்தாம்ப்டனுக்குப் பக்கம். பழைய புத்தகம் விற்கிற கடை இருக்கிறது என்று வந்தேன். வந்து ஒரு மணி நேரமாகிறது, இன்னும் கடைக்குள் போகவில்லை.

பெரியப்பா: மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசல் கட்டடத்துக்கு அடியில் கால்வாய் நுழைகிறது. மேலே இரும்புக் கிராதி தொங்குகிறது. படகு உள்ளே வந்ததும் அதைத் தண்ணீருக்குள் இறக்கிவிடலாம். பஞ்சாலைக்கு எதற்கு அவ்வளவு காவல்? இது இராணுவ ஸ்டோர்.

கார்த்தி: பெரியப்பா, நூற்றுக்கு நூறு!

சித்தப்பா: அண்ணனுக்கு ஸ்டோர் வாசனை போனிலேயே வரும்.

பெரியப்பா: வரும். 28 வருஷம் அந்த வாசனையில்தான் உங்களுக்கெல்லாம் தீபாவளித் துணி வந்தது.

கார்த்தி: பலகையில் படித்ததையும் ஏற்கெனவே தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நெப்போலியன் கடல் தாண்டி வந்துவிடுவான் என்று இங்கிலாந்து நடுங்கிக்கொண்டிருந்த சமயம். ஆயுதம், வெடிமருந்து எல்லாம் வூல்விச், பர்ஃப்லீட் என்று தேம்ஸ் ஆற்றங்கரையிலேயே குவிந்து கிடந்தன. எதிரி கப்பல் ஆற்றுக்குள் நுழைந்தால் கதை முடிந்தது. அதனால் கடலிலிருந்து முடிந்தவரை தள்ளி, நாட்டின் நடுவயிற்றில் ஒரு கிடங்கு வேண்டும் என்று 1803-ல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு இந்த நிலத்தை வாங்கினார்கள். லண்டனிலிருந்து சுமார் 70 மைல்.

மீனா: அவ்வளவு தூரம் உள்ளே தள்ளி வைத்தால் சண்டை நடக்கிற இடத்துக்கு எப்படிப் போகும்?

கார்த்தி: அதற்குத்தான் கால்வாய். லண்டனையும் மத்திய இங்கிலாந்தையும் இணைக்கிற கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் பக்கத்திலேயே ஓடுகிறது. அதிலிருந்து ஒரு கிளை வெட்டி நேராகக் கிடங்குக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ரோமர் காலத்து நெடுஞ்சாலையும் இந்த ஊர் வழியாகத்தான். துப்பாக்கி செய்கிறவர்கள் பர்மிங்காமில், அதுவும் தூரமில்லை.

பெரியப்பா: இடம் பார்த்தவன் விவரமானவன். குதிரை வண்டியில் ஒரு டன் ஏற்றினால் குதிரைக்கு மூச்சு வாங்கும், சாலையும் பிளக்கும். அதே குதிரை கரையில் நடந்து படகை இழுத்தால் 20, 25 டன் சத்தமில்லாமல் வரும். கருமருந்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் கருப்பு வெடிமருந்துத் தூளுக்கு, குலுங்காமல் வருவது ரொம்ப முக்கியம்.

சித்தப்பா: அண்ணா, நீங்கள் சண்டைக்குப் போன கதை எப்போது சொல்வீர்கள்?

பெரியப்பா: போகவில்லை என்று 40 வருஷமாகச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன். நீதான் கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

மீனா: சித்தப்பா, கொஞ்சம் சும்மா இருங்கள். கார்த்தி, அப்புறம்?

கார்த்தி: கால்வாயின் இரண்டு கரையிலும் நாலு நாலாக எட்டுக் கிடங்குகள். துப்பாக்கி, பீரங்கி சாமான் எல்லாம் அங்கே. கால்வாய் அப்படியே மேற்கே போய் இன்னொரு மதில் சூழ்ந்த இடத்துக்குள் நுழையும். அதுதான் வெடிமருந்துக் கிடங்கு. நாலு கட்டடம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே மாதிரி இன்னொரு கட்டடம், உள்ளே வெறும் மண் நிரப்பி.

அத்தை: கட்டடம் கட்டி மண்ணா கொட்டுவார்கள்?

பெரியப்பா: அதுதான் அழகு. ஒரு கிடங்கு வெடித்தால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். நடுவில் மண் நிறைந்த கட்டடம் இருந்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும். எங்கள் டிப்போவிலும் வெடிமருந்து ஷெட்டுகளுக்கு நடுவே மண்மேடு உண்டு. சும்மா மேடு என்று நினைத்துப் புதிதாக வந்த பையன்கள் அதன்மேல் ஏறி பீடி குடிக்கப் பார்ப்பார்கள். கத்திக் கத்தி என் தொண்டை போனது அங்கேதான்.

பெரியம்மா: அது பீடியால் போகவில்லையா?

பெரியப்பா: போனை என்னிடம் கொடு.

(பெரியப்பா, குரல் பதிவு, 2 நிமிடம் 40 வினாடி)

மீனா: வேலையில் இருக்கிறவர்களுக்காக எழுதிப் போடுகிறேன். பெரியப்பா சொல்வது: கருமருந்துக் கிடங்கில் இரும்பே ஆகாது. பீப்பாய்க்கு மர வளையம் அல்லது செம்பு வளையம். கதவுக் கீலும் ஆணியும் செம்பு, பித்தளை. சுவரில் காற்றுத் துளை நேராக இருக்காது, வளைந்து போகும், பொறி பறந்தாலும் உள்ளே வராது. உள்ளே போகிறவன் ஆணி அடித்த பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வேறு செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும். பையில் ஒரு கத்தி இருந்தாலும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையில் சிந்திய தூளைக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மிதித்துத் தேய்த்தாலே போதும், ஆபத்து.

அத்தை: கோயில் கர்ப்பகிருகம் மாதிரி.

மீனா: நன்றாக இருக்கிறது அத்தை.

கார்த்தி: அவர் சொன்னது சும்மா இல்லை. 1874-ல் லண்டன் ரீஜண்ட்ஸ் கால்வாயில் வெடிமருந்து ஏற்றிய படகு ஒன்று பாலத்துக்கு அடியில் போகும்போது வெடித்தது. படகில் இருந்த மூன்று பேர் போய்விட்டார்கள், பாலமும் போய்விட்டது.

மீனா: அந்த வெடிமருந்து எங்கே செய்தார்கள்?

கார்த்தி: வால்தம் ஆபி என்ற இடத்து ஆலையை 1787-ல் அரசு வாங்கி நடத்தியது. ஆனால் சரக்கு நம் பக்கத்துச் சரக்கு. இதைத்தான் சொல்ல வந்தேன். கருமருந்தில் 100-க்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கு வெடியுப்பு பெரும்பாலும் பீகாரிலிருந்து போனது. கிழக்கிந்தியக் கம்பெனி வருஷத்துக்கு 500 டன் வெடியுப்பை அரசுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1693 சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அத்தை: மிளகுக்கும் துணிக்கும்தான் வந்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே.

பெரியப்பா: உப்புக்கும் வந்தான். மண்சுவரில், மாட்டுத்தொழுவத்து ஓரத்தில் வெள்ளையாகப் பூக்குமே, பார்த்திருப்பாய். அந்த மாதிரி மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி எடுப்பார்கள். பீகாரில் நோனியா என்ற சாதியாருக்கு அதுதான் பிழைப்பு. படகில் வங்காளத்து ஹூக்ளிக்கு, கப்பலில் லண்டனுக்கு. கப்பலுக்கும் லாபம்: அடியில் எடைக்குக் கல் போடுவதற்குப் பதில் வெடியுப்பு மூட்டை.

கார்த்தி: துப்பாக்கியும் அப்படித்தான், பெரியப்பா. 1793-ல் பிரான்சோடு சண்டை ஆரம்பித்தபோது இங்கிலாந்தில் போதுமான துப்பாக்கி இல்லை. கம்பெனி தன் சிப்பாய்களுக்காகச் செய்யச் சொல்லியிருந்த துப்பாக்கிகளை அரசு வாங்கிக்கொண்டது. குழல் 39 அங்குலம்; ராணுவத்தில் அப்போது இருந்தது 42 அங்குலம். 1797-லிருந்து அந்தக் குட்டைத் துப்பாக்கியையே தன் படைக்கும் வைத்துக்கொண்டது. பெயரே ‘இந்தியா மாதிரி’. நெப்போலியனோடு சண்டை பெரும்பாலும் அதில்தான்.

சித்தப்பா: அதாவது நம் சிப்பாய்க்கு மலிவாகச் செய்ததைத் தன் ஆளுக்கும் கொடுத்துவிட்டான்.

பெரியப்பா: ஆமாம். முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொன்னாய்.

சித்தப்பா: ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன் அண்ணா.

கார்த்தி: சுவாரஸ்யம் என்னவென்றால், இங்கே கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே 1805 டிராஃபால்கர் கடற்சண்டையில் நெப்போலியனின் கப்பற்படை தோற்றுவிட்டது. நெப்போலியன் இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. மேட்டில் மூன்று பெரிய வெள்ளை மாளிகை கட்டினார்கள், அதிகாரிகள் குடியிருக்க. எதிரி வந்தால் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை அங்கே ஒளித்துவைக்கத் திட்டம் என்று ஊரில் ஒரு கதை உண்டு. இப்போது அந்த மாளிகைகள் இல்லை.

பெரியப்பா: ராஜா கதையை நான் நம்பமாட்டேன். ராஜாவை யாராவது வெடிமருந்துக்குப் பக்கத்தில் குடிவைப்பார்களா?

கார்த்தி: பாராக்ஸும், அதாவது சிப்பாய்கள் தங்கும் கட்டடமும், மேட்டில்தான் இருந்தது. பீரங்கிப் படைக்காரர்களுக்கு. அதையும் இடித்துவிட்டார்கள், படம் இல்லை.

பெரியம்மா: பாராக்ஸ் என்றால் குடும்பத்தோடா?

கார்த்தி: 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டிஷ் பாராக்ஸில் பொதுவாக எப்படி என்றால்: நூறு சிப்பாய்க்கு ஆறு பேர் மனைவியை வைத்துக்கொள்ளலாம். தனி வீடு கிடையாது. எல்லாரும் படுக்கிற அதே ஹாலில் ஒரு மூலை. கம்பளியைக் கயிற்றில் தொங்கவிட்டால் அதுதான் சுவர். குழந்தை பிறப்பதும் அதற்குள்தான். அந்தப் பெண்கள் மற்ற சிப்பாய்களின் துணி துவைத்துக் கொஞ்சம் காசு பார்ப்பார்கள்.

பெரியம்மா: நான் குவார்ட்டர்ஸில் மழை ஒழுகுகிறது என்று அழுதேன். அதுவே சொர்க்கம் போலிருக்கிறது.

மீனா: இதற்கு யாரும் எதுவும் செய்யவில்லையா?

கார்த்தி: 1857-ல் ஒரு கமிஷன் போட்டு அளந்தார்கள். சிறைக் கைதிக்குக் கிடைத்த காற்றுகூட பாராக்ஸில் சிப்பாய்க்கு இல்லை. ஆளுக்கு 600 கன அடி இடம் கொடுங்கள் என்றார்கள். சண்டையே இல்லாத காலத்திலும், அதே வயது ஊர்க்காரர்களைவிடச் சிப்பாய்கள் அதிகமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் நெஞ்சு நோய்.

(இரவு 8.25)

பெரியப்பா: சாப்பிட்டுவிட்டு வந்தேன். கார்த்தி, நீ கட்டடத்தையே சொல்கிறாய். கணக்கைச் சொல்லவில்லையே. எந்த ஸ்டோருக்கும் கதை கணக்கில்தான் இருக்கும். பரேடை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பேரேட்டைப் பார்க்க ஆள் வேண்டும்.

கார்த்தி: உங்களுக்காகவே அதை வைத்திருந்தேன். ரஷ்யாவோடு கிரிமியா சண்டை, 1854. அதுவரை சிப்பாயின் உடுப்பு ரெஜிமென்ட் கர்னல் பொறுப்பு. அரசு ஒரு தொகை கொடுத்துவிடும், அவர் தைத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தன் பையில் போட்டுக்கொள்வார். சட்டப்படியே!

பெரியப்பா: மிச்சம் எப்படி வரும் என்று கேட்க வேண்டியதே இல்லை.

கார்த்தி: அந்தக் குளிர்காலம் பெரிய அவமானமாகிவிட்டது. நவம்பரில் புயலில் பிரின்ஸ் என்ற கப்பல் குளிர் உடுப்புகளோடு பலக்லாவா துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. வந்து சேர்ந்த சாமானும் கரையிலேயே கிடந்து அழுகியது, மலைமேல் ஏற்ற வண்டி இல்லை. இன்னொன்று: காப்பிக்கொட்டையை வறுக்காமல் பச்சையாக அனுப்பிவைத்தார்கள்.

அத்தை: பச்சைக் கொட்டையையா! வறுக்க விறகு?

கார்த்தி: விறகும் இல்லை அத்தை. பனியில் வேரைத் தோண்டி எரித்தார்கள். சாப்பாட்டுத் தட்டிலேயே வறுத்து, பீரங்கிக் குண்டால் நசுக்கிக் குடித்தவர்கள் உண்டு.

அத்தை: பாவம். யார் பெற்ற பிள்ளைகளோ.

பெரியப்பா: பச்சைக் கொட்டை கெடாது, வறுத்தது வாசம் போய்விடும். அனுப்பியவன் மேஜையில் உட்கார்ந்து சரியாகத்தான் யோசித்திருக்கிறான். வாங்குகிறவனிடம் அடுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. இண்டென்ட், அதாவது சாமான் கேட்டு எழுதுகிற பட்டியல், போடுகிற இடத்துக்கும் அனுப்புகிற இடத்துக்கும் நடுவில் இப்படி ஒரு பள்ளம் எப்போதும் உண்டு. நான் ஒருமுறை மலைமேல் இருக்கிற யூனிட்டுக்கு நானூறு ஜோடி பூட்ஸ் அனுப்பினேன். எல்லாம் ஏழாம் நம்பர். பட்டியலில் எண்ணிக்கை சரி, சைஸ் பிரிவு விட்டுப்போயிருந்தது. திரும்பி வர மூன்று மாதம். சண்டைக்குப் போகாதவன்தான். ஆனால் அந்த மூன்று மாதம் எனக்குத் தூக்கம் இல்லை.

சித்தப்பா: இதை நீங்கள் சொன்னதே இல்லையே அண்ணா.

பெரியப்பா: நீ கேட்டது சண்டையைத்தானே. சரி, கார்த்தி, மேலே சொல்.

கார்த்தி: கிரிமியாவுக்குப் பிறகு உடுப்பு வேலையை அரசே எடுத்துக்கொண்டது. வீடன் பெரிய உடுப்புக் கிடங்காக மாறியது. கோட்டும் பூட்ஸுமாக வந்து குவிந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் கணக்கு குழம்பிவிட்டது. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, பூட்ஸ் மாதிரிக்கு ஒத்திருக்கிறதா, ஒன்றுக்கும் நேரான பதில் இல்லை. வீடன், வூல்விச், லண்டன் டவர் மூன்று கிடங்குகளையும் விசாரிக்க 1858-ல் ராயல் கமிஷன். அதற்குள் வீடன் ஸ்டோரின் பொறுப்பாளர் நாட்டை விட்டே ஓடிவிட்டார்.

பெரியப்பா: பார்த்தாயா! எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஓடினவன் திருடனாகவே இருக்கட்டும். ஆனால் ஒரே ஆள் வாங்கி, அவனே தரம் பார்த்து, அவனே பேரேட்டில் எழுதினால் யோக்கியனும் மாட்டுவான். பொருள் ஒருவன் கையில், வரவு செலவு இருப்பு எழுதுகிற பின் கார்டு (bin card) இன்னொருவன் கையில், எண்ணிப் பார்க்கிறவன் மூன்றாவது ஆள். இந்த மூன்று கையும் சேரக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஹவில்தார் சொல்லிக் கொடுத்தது.

மீனா: கல்யாண மொய் எழுதுவதிலும் பெரியப்பா இதே விதியைத்தான் வைத்தார். ஒருவர் வாங்க, ஒருவர் எழுத, ஒருவர் எண்ண.

சித்தப்பா: எண்ணினது நான். 50 ரூபாய் குறைந்ததற்கு என்னை இரவு பன்னிரண்டு வரை உட்கார வைத்தார்.

பெரியப்பா: கிடைத்ததா இல்லையா?

சித்தப்பா: கிடைத்தது. இரண்டு கவர் ஒட்டிக்கொண்டிருந்தது.

கார்த்தி: மீதிக் கதை சுருக்கம்தான். 1838-லேயே ரயில் வந்துவிட்டது, கால்வாயின் மவுசு குறைந்தது. உடுப்பு வேலை லண்டன் பிம்லிக்கோவுக்குப் போனது. முதல் உலகப் போருக்குப் பிறகு பாராக்ஸில் குதிரையேற்றப் பள்ளி. கடைசியில் 1965-ல் இராணுவம் மொத்தமாக மூடிவிட்டது. இப்போது கிடங்குக்குள் கடைகள்.

மீனா: வெடிமருந்துக் கட்டடங்களின் படம் போடு கார்த்தி.

கார்த்தி: அந்தப் பக்கம் போகவில்லை. இருட்டிக்கொண்டு மழை வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை போகிறேன்.

பெரியப்பா: போனால் எனக்கு ஒரு வேலை செய். பழைய கதவு ஏதாவது மிச்சமிருந்தால் கீலையும் ஆணியையும் கிட்டப் போய்ப் படம் எடு. பச்சை பூத்திருந்தால் செம்பு. துரு இருந்தால் பிற்காலத்தில் எவனோ மாற்றியிருக்கிறான்.

கார்த்தி: கட்டாயம் பெரியப்பா.

அத்தை: உள்ளே விட்டால் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிடு.